தொண்ணூற்றிரண்டு கிலோ

களியக்காவிளையில் செக்போஸ்ட் தாண்டி
ஒரு பழக்கடை ஓரம் கைமாறியது.
விற்றவர் ஷிபின்லால். கம்ப்யூட்டர் கம்பெனி.
ஞாயிறுதோறும் பொன்முடி ஏறியவராம்.
முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு
ஒன்றரை வருஷம் மாடிப்படிக்கு அடியில் கிடந்ததாம்.

நாற்பத்திரண்டு சொன்னார்.
ஸ்டாண்டு இல்லையே என்றேன்.
மட்கார்டு இல்லை. ஒரு பெல்கூட இல்லை.
"சேச்சி, இது மௌண்டன் பைக்கல்லே!"
இல்லாததெல்லாம் பெருமை போல.

முப்பத்தாறரைக்கு முடிந்தது.
கிறிஸ்மஸ் சீட்டு எடுத்த பணம்.
எண்ணி முடித்ததும் விரலை மோந்து பார்த்தார்.
ஒட்டுப்பால் வாசம், வேறொன்றுமில்லை.

சார்ஜரைத் தரும்போது சொன்னார்:
"கேரியர் மாத்ரம் வெக்கல்லே, பேலன்ஸ் போகும்."
கேரியர் வைக்கத்தானே வாங்குகிறேன்.
தலையை ஆட்டினேன்.

மேல்புறம் வரை ராணி மாதிரி வந்தேன்.
அருமனை தாண்டிய ஏற்றத்தில்
அறுபத்தொன்று காட்டிய பாட்டரி
ஒரே மூச்சில் மூன்று என்றது.
மீதி தூரம் நான்தான் அதற்கு பாட்டரி.
ஆறுகாணி ஜங்ஷனில் நாலு பேர்.
"பெடலும் இருக்கு, பாட்டரியும் இருக்கு,
பொறவு என்ன எளவுக்குப் பிள்ள தள்ளுக?"

மறுநாள் டெம்போவில் ஏற்றி மார்த்தாண்டம்.
இன்வெர்ட்டர், மிக்ஸி, சர்ச் மைக்செட்
எல்லாம் பிரித்துப் பழகிய பெர்லின்
பாட்டரியையும் பிரித்தான்.
நாற்பது செல். நாலு நாலாய்ப் பத்து வரிசை.
ஒரு வரிசை செத்திருந்தது.
"ஒரு வீட்டுல ஒருத்தன் சும்மா கெடந்தா
மத்தவனுக்க பாடு என்னாவும்? அதுதான் அக்கா."
மாற்றிப் பற்றவைத்தான்.
ஈயப்புகையில் எனக்குத் தும்மல் வந்தது.

கேரியருக்கு மூன்று நாள்.
அலுமினியச் சட்டத்தில் இரும்பு ஒட்டாது என்று
பழைய கட்டில் பைப்பை வளைத்து
கிளாம்பு போட்டு இறுக்கினான்.
பக்கத்துக்கு ஒரு கேன், இருபது லிட்டர்.
லாரி டியூபை வெட்டி மட்கார்டு.
ஸீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினோம்.
டயரின் ஓரத்தில் தாய்லாந்து என்று இருந்தது.
அங்கேயும் எவளோ விடியுமுன் வெட்டிய பால்.
பெல் மட்டும் புதிதாய் வாங்கினேன்,
காட்டுப்பன்றிக்கு.

எல்லாம் சரி, முன்பக்கம் மட்டும் கல்.
ஒரு குழியில் இறங்கினால் தோள்மூட்டில் இடி.
பெர்லின் ஃபோர்க்கின் மூடியைத் திருகினான்.
உள்பக்கம் மார்க்கர் எழுத்து: 92 கிலோ.
"அந்த ஆளுக்க வெயிட்டு. காத்து அதுக்குள்ளது.
அக்காவுக்கு எவ்வளவு?"
ஐம்பத்தொன்று. ரேஷன்கடைத் தராசில் ஏறிப் பார்த்தது.
வால்வை அழுத்தினான்.

போய்க்கொண்டே இருந்தது.
பொன்முடிக் காற்று, ஞாயிற்றுக்கிழமைக் காற்று,
நாற்பத்தொரு கிலோ மனிதர்
அவசரமில்லாமல்
என் சைக்கிளை விட்டு இறங்கிப்போனார்.
ஏறி உட்கார்ந்தேன்.
அது எனக்காகக் கொஞ்சம் தாழ்ந்தது.

இப்போது நாலு மணிக்குப் புறப்பாடு.
முந்நூற்றிருபது மரம்.
வெட்டி முடித்து, கஞ்சி குடித்து,
சிரட்டை சிரட்டையாய்ப் பாலெடுத்து
இரண்டு கேனும் நிறைந்த பிறகு ஏற முடியாது.
தட்டுத்தட்டாய் வெட்டிய சரிவு, வழியெல்லாம் வேர்.
தள்ளத்தான் வேண்டும்.

தற்செயலாகத்தான் தெரிந்தது:
மைனஸ் பட்டனைப் பெருவிரலால் அமர்த்திப் பிடித்தால்
சைக்கிள் தானே நடக்கும்.
ஆளில்லாமல், பக்கத்தில், நம் நடைக்கு.
என்னைவிட ஒரு துளி வேகம் கூடுதல்.
"பைய போ" என்பேன்.
பால் தளும்பாமல் போகும்.

நேற்று ஷெட்டில் உறை ஊற்றும்போது மெசேஜ்.
ஷிபின்லால்.
சேச்சி, பைக் எங்ஙனெ உண்டு?
டாப் ஸ்பீட் எத்ர கிட்டுந்நு?

விரலெல்லாம் பால் காய்ந்து
போன் என் கையைக் கையென்று எடுக்கவில்லை.
பாவாடையில் துடைத்து, மறுபடி துடைத்து
எழுதினேன்:
நாலு.