நீலப் பாரம்

கணினித் திரையில் சிவப்பாய் ஒரு வரி:
முன்தேவை நிறைவேறவில்லை.
காலை எட்டேகாலிலிருந்து இதை
மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாய்ம இயக்கவியல் ஒன்றில் தேறாமல்
இரண்டைக் கேட்கிறாள் நூர் ஃபஸ்லியா.
நில அளவையும் கான்கிரீட்டும்
புதன் பத்து மணிக்கு முட்டிக்கொள்கின்றனவாம்,
பதினோரு பேர், ஒரே குரல்,
நடைபாதை முழுக்க ஈரக் குடைகள்.

நான் பொறியாளர் இல்லை.
சொன்னால் நிபோங் தெபாலில் யாரும் நம்புவதில்லை.
பக்கத்து வீட்டு ஓங்
தன் மதில் ஏன் சாய்கிறதென்று
என்னிடம்தான் கேட்கிறார்.
இருபத்தோரு வருடம் சிவில் துறையில் இருந்து
எனக்குத் தெரிந்த சுமைக் கணக்கு
ஒரு பருவத்துக்குப் பதினெட்டு கிரெடிட்.
அதற்கு மேல் ஏற்றினால்
எந்தத் தூணில் முதலில் விரியும் என்பதை
முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

அவர்கள் பாலம் கற்றுத்தருகிறார்கள்,
நான் அறை தேடுகிறேன்.
நாற்பது நாற்காலி, அறுபத்திரண்டு பேர்.
தரச்சான்றுக் குழு வருமுன்
ஐந்து வருடக் கேள்வித்தாள்களை அடுக்கி
கோப்புகளின் முதுகில் எண் ஒட்டுகிறேன்.
சான்று எங்கே, சான்று எங்கே என்பார்கள்.
எடுத்துக் கொடுப்பேன்.

அந்தப் புதன்கிழமை குபேந்திரன் வந்தான்.
மூன்றாம் ஆண்டு, சுங்கை பாக்காப்.
படிப்பை விடுவதற்கான வெள்ளைப் பாரம்.
எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தான்,
கையெழுத்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை.
காரணத்துக்குப் பல்கலைக்கழகம்
ஒதுக்கியிருந்தது ஒரு வரி.
அதில் ஒரு சொல்: குடும்பம்.
"அப்பா லோரிய இப்ப நான்தான் ஓட்டுறேன், புவான்."
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்,
அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவனைப் போல.

வெள்ளைப் பாரம் மாடிக்குப் போனால் இறங்காது.
அதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.
எனக்கு இருக்கிற அதிகாரம்
ஒரு தாளை ஸ்டேப்ளருக்கு அடியில்
வெள்ளி மாலை ஐந்து வரை வைத்திருப்பது.

வியாழன் மூன்று முறை அழைத்தேன்.
நான்காவதில் எடுத்தான்,
பின்னால் பட்டர்வொர்த் துறைமுக இரைச்சல்.
"நீலத்துல ஒரு பாரம் இருக்கு.
ஒரு வருஷம் ஒத்திப் போடலாம்,
எடம் அப்படியே இருக்கும்."
"பாக்குறேன், புவான்."
பார்க்கிறேன் என்றால் இல்லை என்று
எனக்குத் தெரியாதா?

வெள்ளி, தொழுகை முடிந்து
இரண்டே முக்காலுக்கு முகப்பைத் திறந்தோம்.
நாலு. நாலரை.
பிரிண்டருக்குள் சிக்கிய தாளை
மண்டியிட்டு உருவிக்கொண்டிருந்தபோது
கண்ணாடிக்கு அப்பால் சிமெண்டுத் தூசி படிந்த சட்டை.
டீனின் நிறுத்துமிடத்துக்குக் குறுக்கே
லோரியை விட்டுவிட்டு வந்திருந்தான்,
காவலாளி கத்திக்கொண்டிருந்தார்.
அவனிடம் பேனா இல்லை.
நீலப் பாரத்தில் காரணத்துக்கு இரண்டு வரி.
அவன் எழுதவில்லை,
நான் கேட்கவில்லை.
முத்திரையை மட்டும்
கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டேன்.

அது போன ஆண்டு.

இன்று ஆய்வுக்கூடத்துக்கு நால்வர் நால்வராகப் பிரித்தேன்.
ஏழாம் குழுவில் மூன்று பெயர், ஒரு வெற்று வரி.
டாக்டர் சோங் பென்சிலால் வட்டமிட்டுத்
திருப்பி அனுப்பியிருக்கிறார்: யார் இது?
பதிவு திங்கட்கிழமை மூடுகிறது.
அவன் எண் இன்னும் திரையில் ஏறவில்லை.

கதவில் நூர் ஃபஸ்லியா,
நனைந்த முக்காட்டோடு, சிரித்தபடி.
ஒன்றில் தேறிவிட்டாள், பி மைனஸ்.
"ஏழுல ஒரு எடம் காலின்னு காட்டுதே, புவான்?"

ஏழு நிரம்பிவிட்டது, என்கிறேன்.
எட்டில் ஐந்தாவதாக
அவள் பெயரை எழுதுகிறேன்.