ஒரம்பரை

முதலாளியம்மா சிங்கப்பூர் போயிருந்தார்.
சைனா டவுன் படங்கள் கம்பெனி குரூப்பில் வந்து விழுந்தன:
சிவப்புக் காகித விளக்குகள்,
கழுத்தில் கொக்கி மாட்டிய வாத்துகள்,
கிண்ணத்துக்கு மேலே இரண்டு குச்சியோடு அவர்.
செக்கிங் டேபிளில் பன்னிரண்டு பேரும்
கட்டைவிரல் போட்டோம்.

"அக்கா, நாம்பளும் போலாம்" என்றாள் ரிஜுமோனி.
"பாஸ்போர்ட்டுக்கு எங்க சாமி போறது?"
"மினி பஸ்ஸுக்குப் பத்து ரூபாதான்."

ஞாயிற்றுக்கிழமை,
ஆயுத பூஜைக்குக் கொடுத்த சேலையில் நான்.
மூன்று வருசமாகச் செக்‌ஷனில்
ஒருநாளும் பார்க்காத சிரிப்பில் அவள்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
மூடிக்கிடக்கும் சாயப்பட்டறைச் சுவரை ஒட்டி ஒரு சந்து.
திருப்பூரில் பிறந்தவள் நான்.
என் சீர்ப் பாத்திரம் எடுத்த கடை
இங்கிருந்து கூப்பிடு தூரம்.
இந்தச் சந்து மட்டும் எப்படியோ
என் கண்ணில் படாமல் வளர்ந்திருக்கிறது.

பலகையில் எழுத்தெல்லாம்
கொடியில் காயப்போட்ட பனியன் மாதிரி
ஒரு கோட்டிலிருந்து தொங்குகிறது.
கடுகெண்ணெய் கண்ணைக் கரிக்கிறது.
மூங்கில் குருத்து புளிக்கும் பாட்டில்கள்,
நகத்தளவு கருவாடு,
காய்ந்த சணல் கீரை.
மிளகாய் ஒன்றைத் தொடப்போனேன்,
குழந்தையைப் போலக் கையைத் தட்டிவிட்டாள்.
"அதைத் தொட்டா நாளைக்கு வேலைக்கு வரமாட்டீங்க."

நடுவில் செகண்ட்ஸ் குவியல்.
ஊதா டீ-ஷர்ட் ஒன்றின் கழுத்துப்பட்டியில்
இன்னும் உரியாத சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
நான் ஒட்டியது.
ஒரு தையல் விட்டதற்காகக் கழித்தது.
மீசை அரும்பாத பையன் ஒருத்தன்
அதை நெஞ்சில் வைத்துப் பார்த்தான்.
அவனுக்குச் சரியாக இருந்தது.

இட்லிக் கொப்பரை போல மூன்றடுக்குப் பாத்திரம்,
மூடியைத் திறந்தால் ஆவிக்குள் வெள்ளைப் பொட்டலங்கள்.
கொழுக்கட்டை என்றேன் நான்.
மோமோ என்றாள் அவள்.
கடைக்காரன் என் முகத்தைப் பார்த்து
இந்தியில் என்னவோ கேட்டான். விழித்தேன்.
சூப்பர்வைசர் கத்துவதையெல்லாம்
காரம் குறைத்து அவளுக்குச் சொல்கிறவள் நான்.
இன்று அவள் வாய் வழியாகத்தான்
எனக்குப் பசித்தது.

அந்தச் சிவப்புச் சட்னியைப் பற்றி
ஒன்றும் சொல்லப்போவதில்லை.
மூக்கைச் சிந்தியபடி இன்னொரு தட்டு கேட்டேன்.

பிறகு மரப்பெட்டிக் கடையில்
ஒரு பெண் ஈரப் பாக்கைச் சீவி
வெற்றிலையில் மடித்து நீட்டினாள்.
"தாமூல்" என்றாள்.
"தமிழா?"
"இல்லக்கா, பாக்கு. மொதோ மொதோ வர்றவங்களுக்கு.
காசு வாங்க மாட்டாங்க."
ஒரம்பரைக்கு வெத்தலை வைக்கிற ஊர்க்காரி நான்,
எனக்கே வைக்கிறார்கள்.
வாயில் போட்டதுதான் தாமதம்,
காது சுட்டது, சந்து சாய்ந்தது,
முதுகெல்லாம் வேர்வை.
ஸ்டூல் வந்தது. தண்ணீர் வந்தது.
கப்பல் ஏறாத அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து
யாரோ விசிறினார்கள்.

எந்த ஊர் என்று கேட்டாள் பாக்குக்காரி.
ரிஜுமோனி திருப்பிச் சொல்வதற்குள்
"இதே ஊருதானுங்க" என்றேன்.
அவள் அதை அவர்கள் பேச்சில் சொன்னாள்.
பெட்டிக்கடை சிரித்தது, மோமோக்கடை சிரித்தது,
ஊதா டீ-ஷர்ட் பையனும் சிரித்தான்.
இந்த ஊர்க்காரர் என்று யாரும் அங்கே வந்ததில்லையாம்,
வாடகை வாங்க வருகிறவரைத் தவிர.

பொழுதோடத் திரும்பினோம்.
மடியில் மூங்கில் குருத்துப் பாட்டில்.
அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகுமா என்று
அவளைக் கேட்க நினைத்தேன்.
தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

கண்டக்டர் எங்கள் சிவந்த வாயைப் பார்த்தார்,
பாட்டிலைப் பார்த்தார்,
"கஹா(ங்) ஜானா?" என்றார் என்னிடம்.

இறங்குகிற ஸ்டாப்பின் பேரைச் சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.