மிச்சம் விட்ட வரி

பேராசிரியர் ஆர்டித் குவாம்மே,
உங்களுக்கு என்னைத் தெரியாது.
உங்கள் விண்ணப்பங்கள் அத்தனையும் என் மேசைக்குத்தான் வந்தன,
மேரிலாந்தில், ஜன்னலில்லாத நான்காம் மாடிக்கு.

முதல் கடிதம் தட்டச்சு. ஓர் எழுத்து மட்டும்
வரியை விட்டு மேலே குதித்துக்கொண்டே இருந்தது.
வடக்கு டகோட்டாவின் ஏவுகணைக் கிணறு ஒன்றில்
ஒரு மார்ச் இரவில் 'நடந்ததை'க் கேட்டிருந்தீர்கள்.
பிறகு பேனாவால் அடித்து
'நடக்காமல் போனதை' என்று திருத்தியிருந்தீர்கள்.
பதில் அனுப்ப எங்களுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

அதற்குள் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர்.
மினசோட்டா, ஒரு வருடம் வியன்னா, மறுபடி மினசோட்டா.
உங்கள் பெயரின் வாலில் இன்னொரு பெயர் ஒட்டிக்கொண்டது,
நான்கு கடிதங்கள் கழித்து உதிர்ந்தது.
பெர்லின் சுவர் இடிந்த பிறகு எழுதினீர்கள்:
வகுப்பில் நான்கே மாணவர்கள்,
பக்கத்துக்குப் பத்து சென்ட் நகல் கட்டணத்தைத்
தள்ளுபடி செய்ய முடியுமா?
முடியாது என்று எழுதியவன் நான்.

என் வேலை எளியது.
பெயர் என்றால் கறுப்பு. எண் என்றால் கறுப்பு.
நீளம் என்றால், அது கயிற்றின் நீளமே ஆனாலும், கறுப்பு.
ஒரு பக்கத்தில் 'மற்றும்' என்ற சொல் மட்டுமே தப்பியது.
அதையும் நீங்கள் அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டினீர்கள்,
பக்க எண்ணோடு.
வீட்டில் சொல்லிச் சிரிக்க அனுமதியில்லை.
கார் நிறுத்துமிடத்தில் தனியாகச் சிரித்தேன்.

வானொலியில் ஒருநாள் உங்கள் குரல்.
எதிரே ஓய்வுபெற்ற தளபதி ஒருவர்:
ஒன்றும் வெடிக்கவில்லையே அம்மா, ஏற்பாடு வேலை செய்தது.
நீங்கள் சொன்னீர்கள்:
குடிகாரன் கண்ணை மூடிச் சாலையைக் கடந்துவிட்டால்
அதற்குப் பெயர் போக்குவரத்து விதியா?

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊரே ஆறுதல் சொல்லும்.
ஆனை எதைச் சுமந்துகொண்டிருந்தது என்று
நீங்கள்தான் கேட்டீர்கள்.

பக்கம் அறுபத்தொன்றுக்கு வருகிறேன்.
அந்தப் பையனுக்கு வயது இருபது. பெயர் ██████.
வெளியே பனி. லாரிக்குள் ஹீட்டர்.
கிணற்றில் இறங்குவதற்கு முன்பே
பதினான்கு கட்டங்களிலும் டிக் போட்டுவிட்டான்.
பதினோராவது கட்டம், பூட்டு ஊசி.
ஊசி கிடைத்தது ஆறு நாள் கழித்து,
'சலவைக்குப் போட்ட கோட்டின் பையில்,
இரண்டு கால் டாலர் நாணயங்களோடு.'

அந்த வரி கறுத்திருக்க வேண்டும்.
வெள்ளையாக உங்களிடம் வந்தது.

நீங்கள் எழுநூறு மைல் காரோட்டிப் போய்
சலவைக்கடை டெலோரிஸ் ஹாஃப்னரைக் கண்டுபிடித்தீர்கள்.
கனமாக இருந்தது, நல்ல எஃகு, என்றாள் அவள்.
கேட்டு வரும்வரை பொத்தான் ஜாடியில் போட்டு வைத்திருந்தாளாம்.
அந்த ஜாடியில் இருந்துதான் உங்கள் புத்தகம் தொடங்குகிறது.

என்னை விசாரித்தார்கள். வெள்ளிக்கிழமை, என்றேன்.
மாலை நாலே முக்கால், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
என் சரிபார்ப்புத் தாளைக் காட்டினேன்.
எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது.
எப்போது போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை.
நீங்களாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள்.

முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கிறீர்கள்,
'அந்த ஒரு வரியைத் தவறவிட்ட முகமறியாதவருக்கு.'
தவறவிட்ட.
முப்பது வருடம் தவறுகளையே படித்தவர் நீங்கள்,
அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாகவா போட்டீர்கள்?

ஓய்வுபெற்றவன் எழுதும் கடிதத்தையும்
அந்த மேசைதான் முதலில் படிக்கும்.
புதிதாக வந்தவர் கவனமானவர் என்கிறார்கள்.
ஆகவே, ஆர்டித், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
அன்று நான் பேனாவின் மூடியைத் திறந்து
██████ ████ █████████
████ மற்றும் ███████
██████████.