துளைக்கு அடுத்த துளை

கேத்தி பாலாடாவில் சரிந்த மேட்டிலிருந்து
மெழுகு பூசி எடுத்த மண்கட்டி
ஜீப்பின் குலுக்கலில் பொடிந்தது.

மிஞ்சியது முன்பே சீவிய ஒரு சீவலின் படம்.
அதிலிருந்து ஒரு வளைகோடு:
இங்கே துளை இருந்தால்
இத்தனை மைக்ரான் தள்ளி
இன்னொன்று இருக்க என்ன வாய்ப்பு.

கணினிக்குத் தெரிந்தது அவ்வளவே.
கறுப்பையும் வெள்ளையையும் இறைத்துவிட்டு
இடம் மாற்றி மாற்றி வைக்கிறது.
தொடக்கத்தில் தப்பையும் பொறுத்துக்கொள்ளும்;
சூடு குறையக் குறையக் கண்டிப்பு.
அந்தச் சூடும் வெறும் எண்தான்.
வெளியே மார்கழி, மூன்று டிகிரி,
விசைப்பலகையில் விரல் விறைக்கிறது.

நாலரை மணிக்கு
கோட்டின் மேல் கோடு படிந்தது.
மயிரிழை பிசகில்லை.

உள்ளே தண்ணீர் விட்டேன், கணக்கில்.
நின்றுவிட்டது.
அறைகள் சரியாக இருந்தன,
வாசல்கள் இல்லை.

அந்த மேடோ
ஐப்பசி மழையை ஓரிரவில் குடித்து
இரண்டு கேரட் வயலோடு இறங்கியது.

டிரைவர் போஜன் திரையை எட்டிப் பார்த்தார்.
"நம்ம மண்ணேதான் சார்" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கேரட் கழுவும் எந்திரம் இரைய ஆரம்பித்தது.
விதை எண்ணை மாற்றி
மறுபடி ஓடவிட்டேன்.