அம்மா கோ

அட்டன் பஸ் ஸ்டாண்டில்
வடைக்காரன் தந்த மீதிச் சில்லறையை எண்ண
எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.
அவ்வளவுதான் நடந்தது.
தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, மழை.
எனக்கு ஒன்பது வயது, பவளராணிக்கு ஐந்து.
சில்லறை சரியாகத்தான் இருந்தது.

பொலிஸில் படம் கேட்டார்கள்.
படம் இல்லை.
கிளினிக் அட்டையில் அவளுடைய நிறைக் கோடு இருந்தது,
புள்ளி புள்ளியாய் ஏறி
அம்மை போட்ட மாதம் இறங்கி
மறுபடி ஏறி.
அப்பா அதைத்தான் நீட்டினார்.

இரண்டு வருஷமும் நாலு மாதமும்
அம்மா ஒரு நாள் பேரையும் விடவில்லை.
ஆறாம் நம்பர் மலையில் நின்றால்
ரோட்டில் வருகிற ஒவ்வொரு தலையும் தெரியும்.

சேலை மூட்டை கொண்டு திரியும் பிச்சைமுத்து
புத்தலப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்து வீட்டில்
முழங்கையில் சுடுதண்ணித் தழும்போடு
ஒரு பிள்ளையைக் கண்டானாம்.
பேர் சந்துனி என்றார்களாம்.
அது அந்த வீட்டுக்காரியின்
குளத்தில் போன மகளுடைய பேர்.
சட்டையும் அவளுடையதே.

ஜீப்பில் வந்து இறங்கினாள்.
காதில் தோடு, கன்னத்தில் சதை.
கூடையைக்கூட இறக்காமல் ஓடிவந்த அம்மாவின்
முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு
பொலிஸ்காரியிடம் திரும்பிக் கேட்டாள்:
"அம்மா கோ?"
அம்மா எங்கே என்று அர்த்தம்.
லயத்தில் எல்லோருக்கும் அவ்வளவு சிங்களம் தெரியும்.
அந்த ஒரு சொல்லில்
இரண்டு பாஷைக்கும் சண்டையில்லை.
சண்டை அன்றிரவு எங்கள் காம்பராவுக்குள் வந்து
பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

அடித்தார்களா என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.
இல்லை என்றாள்.
பிறகு, கேட்பவர்களுக்கு அது போதவில்லை என்று கண்டு
ஆமாம் என்றாள்.
தனியாக என்னிடம் சொன்னாள்,
அந்த அம்மா தலை வாரினால் வலிக்காது என்று.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
அம்மா முந்தானையை அவள் காலில் முடிந்துகொண்டு தூங்குவாள்.
தூங்குவாள் என்பது சும்மா பேச்சு.

சம்பளத்துக்கு மறுநாள் அப்பா அவளை
ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவார்.
மாதம் தவறாமல் ஒரு படம்.
"இனி யாரும் கேட்டா இருக்கணும்."
திரையில் இருந்த நீர்வீழ்ச்சி போய்
தாஜ்மகால் வந்து, அதுவும் கிழிந்து,
பதினேழு வருஷம்.
பிஸ்கட் டின்னில் இப்போது மூடி நிற்பதில்லை.
ஒன்றில் ஓரமாய் என் கையும் விழுந்திருக்கிறது,
அவள் முழங்கையைப் பிடித்தபடி,
மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு.

நான் கடைகளில் மீதி வாங்குவதில்லை.
என் மகளை விரலில் பிடிப்பதில்லை, மணிக்கட்டில்தான்.
சிவந்துபோகிறது என்று மனைவி சத்தம் போடுகிறாள்.
பவளம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் நிற்கிறாள்,
நம் ஆட்களுக்கு எங்கே நோகிறதென்று
டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு.
அந்தப் பாஷையில் அவளுக்கு
இன்னும் ஏழு வயதுக் குரல்.

போன மாதம் செய்தி வந்தது,
நாலு வருஷம் சிறையிருந்து மீண்ட அந்தப் பொம்பளை
போய்விட்டாள் என்று.
வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.
அம்மா பெட்டியடியில் இருந்து
ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து
மடிப்பு நீவிக் கதவில் போட்டாள்.
யாருக்கு என்று சொல்லவில்லை.
அப்பா அந்த மாதத்து ஸ்டூடியோக் காசை
பஸ்ஸுக்கு வைத்துக்கொள் என்றார்.

வெள்ளனே நான்தான் கொண்டுவந்து விட்டேன்.
அதே பஸ் ஸ்டாண்ட்.
வடைக்கடை இருந்த இடத்தில் ரீலோட் கடை.
பனியில் போர்டு தெரியாமல்
ஒவ்வொரு பஸ்ஸாய்க் கேட்டுக்கேட்டு நடந்தோம்.
பதுளை பஸ் உறுமியது.
"கைய விடுண்ணே," என்றாள்,
"ஏறணும்."

அப்போதுதான் பார்த்தேன்,
பிடித்திருந்தேன்.
விரல் விரலாய் எடுக்க வேண்டியிருந்தது.