சின்ன பியானோ

பௌஸ்தினோ அனுப்பிய மதிப்பீடு ஒரே பக்கம்.
கடைசி வரியில் இருந்த தொகைக்கு
என் லாரியின் பின்சக்கரம் நான்கையும்
புதிதாக மாற்றிவிடலாம்.

நல்ல பையன், குறை சொல்ல முடியாது.
போசித்தோஸில் அலுவலகம்,
மொண்டேவீடியோக்காரர்கள் நாங்கள்
கடலென்றே பிடிவாதமாகச் சொல்லும் ஆற்றைப் பார்த்த ஜன்னல்.
ஒரு மணி நேரம் கேள்வி கேட்டான்.
"உங்கள் தொழிலுக்கு என்ன நிறம், நெலிதா?"
சாமான் மேல் போர்த்துகிற கம்பளியின் நிறம், என்றேன்.
எழுதிக்கொண்டான்.

நானே செய்துகொள்கிறேன் என்று
மாதக் கடைசி ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை
சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன்.
ஆகஸ்ட் குளிர். மாத்தேவுக்கு வைத்த வெந்நீர்
இரண்டு முறை ஆறிப்போனது.
பிடி, இழு, விடு,
வலைத்தளம் தயார் என்றது விளம்பரம்.
பிடிப்பதும் இழுப்பதும் எனக்குப் புதிதா?
இருபத்திரண்டு வருடமாக
அதுதானே சோறு போடுகிறது.

இழுத்தேன்.
தலைப்பு சரிந்து படத்துக்கு அடியில் போய்
மாட்டிக்கொண்டது,
அகுவாதாவில் ஒரு மாடிப்படித் திருப்பத்தில்
அலமாரி மாட்டிக்கொண்ட மாதிரி.
மேலேயும் போகாது, கீழேயும் வராது.
அன்றைக்குக் கைப்பிடியைக் கழற்றினோம்.
இங்கே எதைக் கழற்றுவது?

படத்தில் ஒரு ஜோடி. டெம்ப்ளேட்டோடு வந்தவர்கள்.
அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து
பல் தெரியச் சிரிக்கிறார்கள்.
ஒரு பெட்டிகூட நசுங்கவில்லை.
வீடு மாறுகிற நாளில் யாரும் சிரித்ததே இல்லை
என்று சொல்லமாட்டேன்.
லா தேஹாவில் ஒருத்தி சிரித்தாள்.
மெத்தையை நடுவில் அறுத்துப்
பாதியைத் தன் பக்கம் ஏற்றச் சொன்ன
புருஷனைப் பார்த்து.

ஒன்பது நாள் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.
ஒரு அழைப்பு வரவில்லை.
பத்தாம் நாள் வாஷிங்டன் எட்டிப் பார்த்தான்
(என் சுமையாள்தான்; இங்கே அப்படியும் பெயர் வைப்பார்கள்).
"முதலாளி, இந்த எண் நம்முடையது இல்லையே."
ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று
வரிசையாக ஓடும் எண்.
அதுவும் டெம்ப்ளேட்டோடு வந்ததுதான்.
அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே
அவனுக்கு அன்று மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்.

என்னை அழைப்பவர்கள் கேட்பதும் இதுதானே:
மச்சானிடம் பிக்கப் இருக்கிறது,
இரண்டு நண்பர்கள், கொஞ்சம் பீர்,
நாங்களே ஏற்றிக்கொண்டால் என்ன?
தாராளமாக, என்பேன்.
நாற்காலி, பாத்திரம், துணிமணி, புத்தகம்,
உங்கள் முதுகு, உங்கள் இஷ்டம்.
பியானோ இருக்கிறதா?
அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிடும்.
சிலர் மட்டும் மெல்லச் சொல்வார்கள்:
"சின்ன பியானோதான்."
சின்ன பியானோ என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

பௌஸ்தினோவை அழைத்தேன்.
என்னிடம் இருக்கும் பியானோ எது, என்றேன்.
புரியவில்லை. விளக்கினேன்.
கொஞ்ச நேரம் பேனா தட்டுகிற சத்தம்.
"எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா,
படி எவ்வளவு அகலம் என்று கேட்டு
அங்கேயே தொகை சொல்கிற கட்டம்.
அதை உங்களால் முடியாது.
மீதி எல்லாம் நாற்காலிதான்."
எவ்வளவு?
"இரண்டு சக்கரம்."
ஒன்று, என்றேன்.
"முன்சக்கரமா, பின்சக்கரமா?"
பேரம் தெரிந்த பையன்.

அந்த ஜோடியை அழித்தேன்.
அவர்கள் இருந்த இடத்தில்
வாஷிங்டன் ஃபோனில் எடுத்த படம்:
பின்கதவு திறந்த லாரி,
உள்ளே மடித்த கம்பளிகள், ஒரு கயிறு,
வேறொன்றுமில்லை.
கீழே என் எண். மூன்று முறை சரிபார்த்தேன்.
தலைப்பு மட்டும் இன்னும்
இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது.
லாரியும் அப்படித்தான் நிற்கும்.