மணிக்கு நாற்பத்தொன்று

புந்தா அரெனாஸ் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
வெளியே ஆளைத் தள்ளும் காற்று.
கண்ணாடிக்கு அப்பால்
நத்தாலெஸ் பேருந்தின் ஓட்டுநர்
பெலார்மினோ ஒயார்சோ
தலை முழுக்கக் கம்பிகளோடு குறட்டை விடுகிறார்.

"எனக்கென்ன, நன்றாகத்தான் தூங்குகிறேன்.
வீட்டுக்காரிக்குத்தான் தூக்கமில்லை."
போன மாதம் பட்டப்பகலில் அவர் பேருந்து
ஒரு ஆட்டுப்பண்ணை வேலியில் போய் நின்றது.
யாருக்கும் ஒன்றுமில்லை.
அதனால்தான் இங்கே படுத்திருக்கிறார்.

ஒன்று பன்னிரண்டு.
குறட்டை நிற்கிறது.
அப்பாடா என்பவர்கள்
இந்தத் திரையைப் பார்த்ததில்லை.

தொண்டைச் சதை தளர,
நாக்கும் தூங்கிவிடுகிறது,
அந்தச் சொல்லின் பழைய பொருளில்:
தொங்குகிறது, வழியை மறித்து.
நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது,
உள்ளே தாழிட்ட கதவை
வெளியே நின்று தள்ளுகிறவனைப் போல.
மூக்கின் கோடு நேராக ஓடுகிறது.

தானிட்சா எண்ணுகிறாள்.
இயந்திரமே எண்ணும், தேவையில்லை.
இருந்தும், தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு,
இருபது.
முப்பத்து மூன்று.
ஆக்சிஜன் எண்பத்தொன்று.
முப்பத்தெட்டில்
உடம்பையே உலுக்கும் ஓர் இழுப்பு.
அவர் விழிக்கவில்லை.
மூளையின் ஒரு மூலை மட்டும் விழித்து,
கதவைத் திறந்துவிட்டு,
மறுபடி படுத்துக்கொண்டது.
மணிக்கு நாற்பத்தொரு முறை.
காலையில் ஒன்றுகூட நினைவிருக்காது.

மூன்று மணிக்கு முகமூடி.
"பன்றி மூஞ்சி" என்று முனகினார்.
"டயருக்குக் காற்றடிப்பீர்களே, அதேதான்.
மருந்தில்லை. வெறும் காற்று.
குழாய் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளிருந்து தாங்கும்."
அழுத்தத்தை மெல்லக் கூட்டினாள்.
எட்டு. ஒன்பது.
பத்தில்
கோடு அலையாகி, அலையாகவே நின்றது.

விடிந்ததும் எழுந்து உட்கார்ந்தவர் கேட்டது:
"இன்றைக்கு என்ன கிழமை?"
"தினமும் மாட்டவேண்டும்" என்றாள்.
"மாட்டிய இரவுக்கு மட்டும்தான் பலன்."
தலையாட்டினார்.
தலையாட்டிவிட்டு அலமாரியில் வைத்தவர்களை
அவளுக்குத் தெரியும்.

எட்டு மணிக்கு வீடு. திரைச்சீலை. ஒற்றைக் கட்டில்.
கொஞ்ச நாளாய் அவளுக்கும்
எழும்போதே தலைவலி, காய்ந்த வாய்.
அவளே நிரப்பச்சொல்லும் படிவத்தில்
ஒரு கேள்வி உண்டு:
நீங்கள் மூச்சு நிறுத்துவதைப் பார்த்தவர் யார்?

தலையணையருகே போனை ஒலிப்பதிவில் வைத்துப் படுத்தாள்.

சாயங்காலம் காபியோடு கேட்கிறாள்.
காற்று. தகரக் கூரை. பக்கத்து வீட்டு நாய்.
அப்புறம், யாரோ மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம்.
தானா அது? சிரிப்பு வந்தது.
பிறகு அதுவும் நின்றது.
வெறும் காற்று.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எண்ணுகிறாள்.
ஒன்பது.
பத்து.
பதினொன்று.